ராயபுரத்து மாடிவீட்டில் படிக்கட்டு லிஃப்ட்: செலவும் பணத்துக்கான வழியும்

முதல் மாடியில் வசிக்கும் தாயாருக்காகப் படிக்கட்டு லிஃப்ட் (படியோரத் தண்டவாளத்தில் ஏறி இறங்கும் நாற்காலி) பொருத்த எவ்வளவு ஆகும், உதவி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேராக ஏறும் படிக்கட்டுக்குச் சில லட்சத்தில் முடியும் வேலை, நடுவில் திரும்பும் படிக்கட்டானால், தண்டவாளத்தை அளவெடுத்து வளைத்துச் செய்ய வேண்டியிருப்பதால், பல மடங்காகிவிடும். படிக்கட்டு வெளிப்புறத்தில் இருந்தால், மழையையும் கடலோர உப்புக்காற்றையும் தாங்கும் மாடலையே கேளுங்கள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. ராயபுரத்துப் பழைய வீடுகளின் குறுகலான படியில், நாற்காலியை மடித்த பிறகும் மற்றக் குடித்தனக்காரர்கள் ஏறி இறங்க இடமிருக்குமா என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே அளந்துவிடுங்கள்.

மருத்துவக் காப்பீடு பொதுவாக இதற்குப் பணம் தராது. தாயாரிடம் 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறனாளி சான்றிதழ் இருந்து, அவரைப் பராமரிக்கும் நீங்கள் பழைய வரிமுறையில் கணக்குத் தாக்கல் செய்தால், வருமானத்தில் 75,000 ரூபாயும், பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம். கையிருப்பு போக மீதித் தொகைக்கு, தனிநபர் கடனைவிட வங்கி நகைக்கடனையே முதலில் விசாரியுங்கள்.