சீவா பாலைவனச் சோலைக்கு இரண்டு நாள் போதுமா?

கேள்வி: மே மாத விடுமுறையில் குடும்பத்துடன் எகிப்து செல்கிறோம். கெய்ரோவிலிருந்து, வட ஆப்பிரிக்கத் தொல்குடியினரான பெர்பர் மக்கள் வாழும் சீவா நகரைப் பார்த்துவிட்டு இரண்டே நாளில் திரும்ப முடியுமா? எழுபது வயதை நெருங்கும் தாயாரும் உடன் வருகிறார்.

பதில்: முடியும், ஆனால் அந்த இரண்டு நாளில் பெரும்பகுதி பேருந்திலேயே கழிந்துவிடும். சீவா, லிபிய எல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்துக்கும் தாழ்வான பள்ளத்தில் இருக்கிறது. கெய்ரோவிலிருந்து முதலில் வடமேற்கே மத்தியதரைக் கடலோரத்து மெர்சா மத்ரூவுக்குச் சென்று, அங்கிருந்து தெற்கே வெறும் பாலைவனத்தில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் போக வேண்டும். கி.மு. 331-இல் அலெக்சாந்தர் இங்கிருந்த, எகிப்தியக் கடவுளான ஆமோனின் கோயிலில் குறி கேட்க வந்தபோதும் கடற்கரையோரமாக வந்து, அதன்பின்தான் தெற்கே திரும்பினார். இன்று பேருந்தில் பத்து மணி நேரம் அல்லது அதற்கு மேலும் ஆகலாம் என்பதால், தாயாரை மெர்சா மத்ரூவில் ஓர் இரவு தங்கவைத்து அழைத்துச் செல்வதும், சீவாவில் குறைந்தது மூன்று இரவுகள் ஒதுக்குவதும்தான் என் பரிந்துரை.

மே மாதத்தை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். மார்ச் முதல் மே வரை கம்சின் எனப்படும் வெப்ப மணற்காற்று வீசக்கூடும். அதன்பின் கோடையில் வெயில் 40 பாகை செல்சியஸை நெருங்குவதும் சில நாள்களில் தாண்டுவதும் வழக்கம். பயணத்தை மாற்ற முடியுமானால், அக்டோபர் இறுதியிலிருந்து பிப்ரவரி வரை ஏற்ற காலம். குளிர்கால இரவுகளில் நல்ல குளிர் இருக்கும். கம்பளி உடை தேவை.

நகரின் நடுவே நிற்கும் ஷாலி கோட்டையைப் பார்க்கும் முன் அதன் கட்டுமானத்தைத் தெரிந்துகொள்வது பயன்தரும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய இந்தக் கோட்டையூரின் வீடுகள், உப்பேரிக் கரையில் வெட்டியெடுத்த, உப்பும் களிமண்ணும் கலந்து இறுகிய கெர்ஷெஃப் கட்டிகளால் ஆனவை. வெயிலில் இவை கல்லாய் உறைந்து உள்ளே குளுமையைத் தக்கவைக்கும். மழை பட்டால் உப்பு கரைந்து சுவர் சரியும். மழை மிக அரிதான அந்த ஊரில் 1926-இல் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் பல வீடுகள் இடிய, மக்கள் படிப்படியாகக் கீழே குடியேறினர். பழுதுபார்க்கப்பட்ட பகுதி 2020-இல் மீண்டும் திறக்கப்பட்டது. எஞ்சிய இடிபாடுகளில் சுவரைப் பிடித்து ஏறுவதும், விளிம்பில் நின்று படமெடுப்பதும் வேண்டாம். தாயார் கீழ்த் தெருக்களில் உலாவினாலே போதும். அகூர்மி குன்றின் மேலுள்ள ஆமோன் கோயிலுக்கும் படியேற வேண்டும், ஆகவே அதைக் காலை வெயிலுக்கு முன் முடித்துவிடுங்கள்.

உப்பு வெட்டி எடுத்த பள்ளங்களில் தேங்கிய நீலநிற நீரில் உடல் தானாகவே மிதக்கும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். காயமோ சிராய்ப்போ உள்ளவர்கள் இறங்க வேண்டாம். குளித்தபின் நல்ல நீரால் அலசிக்கொள்ளுங்கள். மூட்டுவலிக்கு டக்ரூர் மலையடிவாரத்தில் சுடுமணலில் உடலைப் புதைக்கும் சிகிச்சையை உள்ளூரில் யாரேனும் புகழக்கூடும். அது கடுங்கோடையில் மட்டுமே நடப்பது. இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை எண்ணவே கூடாது.

சீவா மக்களுக்கு அரபு தவிர, தமக்கென சீவி என்ற பெர்பர் மொழியும் உண்டு. ஊர் கட்டுப்பாடு மிகுந்தது: தோள், முழங்கால் மறையும் உடை வேண்டும், பொது ஊற்றுகளில் பெண்கள் முழு உடையுடனே இறங்குவது நல்லது, போர்வையால் உடலை மூடிச் செல்லும் உள்ளூர்ப் பெண்களைப் படமெடுக்காதீர்கள். சைவ உணவினருக்குச் சிரமம் குறைவு. ரொட்டி, அவித்த மொச்சை, ஆலிவ், பேரீச்சை எங்கும் கிடைக்கும்.

வழியில் சோதனைச் சாவடிகள் உள்ளதால் கடவுச்சீட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். ரொக்கப் பணத்தைக் கெய்ரோவிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். பெரும் மணற்கடல் எனப்படும் மணல்மேட்டுப் பாலைவனத்திலுள்ள பீர் வாஹெத் வெந்நீர் ஊற்றுக்கு அனுமதிச் சீட்டும் நான்கு சக்கர உந்துவண்டியும் தேவை. விடுதியாரே ஏற்பாடு செய்வர். மணல்மேடுகளில் வண்டி எகிறிக் குதித்து ஓடும் என்பதால், முதுகுவலி இருந்தால் தாயார் அன்று மாலை விடுதியிலேயே இருந்துவிடட்டும்.