கோடிங் வகுப்புக்குப் பணம் கட்டும் முன்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். எட்டாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகன்தான் பள்ளியில் ஆசிரியருக்கு ஸ்மார்ட் போர்டை இயக்கிக் கொடுக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். பெருமையும் கவலையும் சேர்ந்தே தெரிந்தன. ஆசிரியருக்கே தெரியாதபோது பிள்ளை எங்கே கற்பான், ஆன்லைன் கோடிங் வகுப்பில் சேர்த்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி. இப்போதைக்கு வேண்டாம்.

போனைச் சரளமாகத் தள்ளத் தெரிவதை நாம் தொழில்நுட்ப அறிவு என்று நினைத்துக்கொள்கிறோம். ஊரகப் பிள்ளைகளின் கல்வி நிலையை ஆராயும் ‘அசர்’ என்ற நாடு தழுவிய ஆய்வின் 2024 அறிக்கையைப் பாருங்கள். 14 முதல் 16 வயதுக்குட்பட்டவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்திருக்கிறது. முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76. அப்படிச் சமூக ஊடகத்தில் இருப்பவர்களில், தொல்லை தரும் கணக்கைத் தடுக்கவோ புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62 சதவீதம்தான்.

இதன் விளைவை நான் பிளஸ் டூ முடித்து வருபவர்களிடம் பார்க்கிறேன். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணைய வழியில்தான் நடக்கிறது. விண்ணப்பத்தை நிரப்புபவர் பிரவுசிங் சென்டர்காரர். மின்னஞ்சல் முகவரி அவர் உருவாக்கியது. கடவுச்சொல் அவருடைய நோட்டில். மதிப்பெண் தரவரிசையோடு, கல்லூரிகளை எந்த வரிசையில் கொடுக்கிறோம் என்பதையும் வைத்துத்தான் இடம் முடிவாகும். அந்தக் கல்லூரி வரிசையையும் கடைக் கூட்டத்தில் நின்றபடி யாரோ ஒருவர் அவசரமாகத் தட்டுகிறார். பள்ளியில் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு.

ஆகவே மகனுக்கு முதலில் அடிப்படை வேலைகளைப் பழக்குங்கள். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் இப்போது உங்கள் மேற்பார்வையில் இருக்கட்டும். ஆனால் அவற்றை அவனே கையாளட்டும். சான்றிதழை ஸ்கேன் செய்து, கேட்ட அளவுக்குக் குறைத்து, தேடினால் கிடைக்கும் பெயரில் சேமிக்கட்டும். வீட்டு மாதச் செலவை எக்செல் போன்ற விரிதாளில் போட்டுக் கூட்டட்டும். இணையத்தில் படித்த செய்தியை இன்னோர் இடத்தில் சரிபார்க்கட்டும். பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் டைப்ரைட்டிங் வகுப்புக்கு அனுப்புங்கள். குரூப் 4 தட்டச்சர் பணிக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயம். அரசு வேலைக்குப் போகாவிட்டாலும் பத்து விரலும் பழகியவனுக்குக் கணினியில் பாதி அலுப்பு குறையும். இதற்கு யாரும் விளம்பரம் செய்வதில்லை!

கோடிங் ஆசை இருந்தால், பிள்ளைகளுக்கு நிரல் எழுதப் பழக்கும் ஸ்கிராட்ச் மென்பொருள் இலவசம். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே அது இருக்கிறது. கணினி அறிவியல் பாடம் எடுத்தால் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான். காலாண்டு விடுமுறையில் அவனாக ஒரு சிறு விளையாட்டை உருவாக்குகிறானா என்று பாருங்கள். வீடியோவில் காட்டியதை அப்படியே நகலெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டால் கட்டண வகுப்பிலும் அதைத்தான் செய்வான்.

ஆசிரியர் விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். வருகைப்பதிவு முதல் மாணவர் விவரம் வரை செயலியில் ஏற்றுவது இன்று பல ஆசிரியர்களின் அன்றாட வேலை. தொழில்நுட்பம் அவர்களுக்கு அந்நியமன்று. அதை வைத்துப் பாடம் நடத்தப் பழகும் அவகாசம்தான் கிடைப்பதில்லை. கணக்கைப் படிப்படியாகப் போட்டுக்காட்டக் கரும்பலகையே மேல் என்று அவர் முடிவு செய்திருக்கவும் கூடும். அதில் எனக்குக் குறை தெரியவில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஸ்மார்ட் போர்டைப் பற்றிக் கேட்காதீர்கள். கணினி ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு எத்தனை பிள்ளைகள், என் மகன் கை விசைப்பலகையில் படுகிறதா, கணினிப் பாடம் நடத்தப்படுகிறதா அல்லது தேர்வுக்கு வராது என்று விடப்படுகிறதா என்று கேளுங்கள். கூடவே, ‘சாருக்கு ஒன்றும் தெரியாது’ என்ற பேச்சை வீட்டில் வளர விடாதீர்கள்.

வகுப்பு விற்பவர்கள் மீண்டும் அழைப்பார்கள். மாதத் தவணை என்றால் அதன் விவரத்தை எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் அது ஒரு நிதி நிறுவனத்திடம் உங்கள் பெயரில் வாங்கும் கடன். பையன் வகுப்பை விட்டாலும் தவணை தானாக நிற்காது.