பென்சில் முகங்கள்: வாசகர் கேள்வி பதில்

நெகட்டிவ் காலத்தில் போட்டோ ஸ்டூடியோ ரீடச்சராக (படங்களில் திருத்தம் செய்பவராக) இருந்து, இப்போது உருவப்படம் வரைந்தும் வகுப்பெடுத்தும் வரும் திருநெல்வேலி ஓவியர் ஒருவர், பென்சில் உருவப்படம் பற்றிய வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அப்பா தவறிப் பல வருடம் ஆகிறது. ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் கறுப்பு வெள்ளைப் படம்தான் கையில் இருக்கிறது. அதைப் பெரிதாக வரைந்து திதிக்கு மாட்ட நினைக்கிறேன். கண், மூக்கு, வாய் தனித்தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கின்றன. மொத்தமாகப் பார்த்த அம்மா, "யாரோ மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டார். எங்கே தப்பு? (வாசகர், கோவில்பட்டி)

அம்மா சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஆனால் தப்பு கண்ணிலோ மூக்கிலோ இருக்காது. அவற்றுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடங்களைப் பாருங்கள். மூக்கின் அடியிலிருந்து மேலுதடு வரை எவ்வளவு, புருவத்துக்கும் இமைக்கும் நடுவே எவ்வளவு, கீழுதட்டிலிருந்து முகவாய் எவ்வளவு. ஒருவருடைய ஜாடையைத் தீர்மானிப்பவை இந்த இடைவெளிகள்தான். நாமோ இமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணி வரைந்துவிட்டு, இவற்றைக் குத்துமதிப்பாக விட்டுவிடுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பாஸ்போர்ட் படம் 3.5க்கு 4.5 சென்டிமீட்டர். கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்த்துத்தான் அதைத் தாளில் பெரிதாக்கப் போகிறோம். 5 மில்லிமீட்டர் கட்டம் போட்டால் குறுக்கே 7, நெடுக்கே 9. ஏ3 தாளில் 4 சென்டிமீட்டர் கட்டம் போட்டீர்கள் என்றால் படம் 28க்கு 36 வரும், ஓரத்தில் இடமும் மிஞ்சும். ஆனால் இது எட்டு மடங்குப் பெருக்கம். போட்டோவில் அரை மில்லிமீட்டர் பிசகினால் தாளில் 4 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டரில் அப்பா சித்தப்பா ஆகிவிடுவார். அதனால் போட்டோ மேலேயே கட்டம் போடாதீர்கள். 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து, பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, அதில் போடுங்கள். தாளில் போடும் கோடு ஹெச்பி பென்சிலில், தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். 2ஹெச் போன்ற கெட்டிப் பென்சில் வைத்து அழுத்தினால் தாளில் பள்ளம் விழும். பிறகு மேலே ஷேடிங் போகும்போது அந்தப் பள்ளம் வெள்ளைக் கோடாக எழுந்து வந்து கடைசிவரை மானத்தை வாங்கும்.

அடுத்து, கண்ணிலிருந்து தொடங்காதீர்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு போட்டோவைப் பாருங்கள். விவரமெல்லாம் கரைந்துபோய் நாலைந்து இருட்டுத் திட்டுகள் மட்டும் நிற்கும்: புருவத்துக்கு அடியில், மூக்குக்கு அடியில், கீழுதட்டுக்கு அடியில், தாடைக்கு அடியில். முதலில் அந்தத் திட்டுகளின் வடிவத்தை மட்டும் ஒரே சாம்பல் நிறத்தில் போடுங்கள். அவை இடம் மாறாமல் உட்கார்ந்துவிட்டால், இமையே வரையாத நிலையிலும் அம்மா எதிர்த் திண்ணையிலிருந்து அடையாளம் சொல்லிவிடுவார். உட்காரவில்லை என்றால், மேலே எவ்வளவு நுணுக்கம் சேர்த்தாலும் அது வேறு ஒருவரின் நுணுக்கமான படமாகத்தான் இருக்கும். போட்டோவையும் தாளையும் தலைகீழாகத் திருப்பி வைத்து ஒப்பிடுவது நல்ல சோதனை. மூக்கு என்று தெரியாதபோது நிழல் நிழலாகவே தெரியும்.

இனி சொல்லப்போவது என் பழைய தொழில் ரகசியம். அந்தக் கால ஸ்டூடியோ படத்தை அப்படியே நம்பாதீர்கள். நெகட்டிவில் முகச்சுருக்கம் கண்ணாடிபோல் வெளுத்த கோடாகத் தெரியும். அதன் மேல் பென்சில் பிடிப்பதற்காக மீடியம் என்ற திரவம் தடவி, ரீடச்சிங் டெஸ்க்கில் பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, ஊசியாகச் சீவிய கெட்டிப் பென்சிலால் பொடிப்பொடிக் கீற்றாக நிரப்புவோம். பென்சில் ஏறிய இடம் பிரிண்டில் வெளுத்துப்போகும். நெற்றிக்கோடு, கண்ணடிக் கருமை, கன்னக்குழி எல்லாம் காலி. வாடிக்கையாளருக்கும் அதில் சந்தோஷம்தான். ஆக, உங்கள் கையில் இருப்பது ஏற்கெனவே ஒருவர் பென்சிலால் துடைத்த முகம். அதைப் பார்த்துப் பெரிதாக்கினால் பொம்மைதான் வரும். அப்பாவின் உடன்பிறந்தவர்கள் யாராவது இருந்தால் ஜன்னலோரம் உட்கார வைத்து, கன்னமும் கண்ணடியும் எப்படி மடிகின்றன என்று பாருங்கள். சிரித்தால் எந்தப் பக்கம் முதலில் சுருங்கும் என்று அம்மாவிடம் கேளுங்கள். இதையெல்லாம் லேசாகச் சேர்த்தால் போதும்.

24 பென்சில் உள்ள செட் வாங்கட்டுமா? (கல்லூரி மாணவர், சேலம்)

வேண்டாம். ஹெச்பி, 2பி, 4பி, 6பி போதும். வெள்ளைச் சட்டை, நரைமுடி வரைய ஒரு 2ஹெச். அப்சராவோ கேம்லினோ எது கிடைத்தாலும் சரி, ஒரே கம்பெனியாக வாங்குங்கள். ஒருவருடைய 4பி இன்னொருவருடைய 2பி அளவுக்குத்தான் கறுக்கும்.

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு யுத்தக் கதை உண்டு. பென்சிலின் கறுப்பு முனைக்கான நல்ல கிராஃபைட் இங்கிலாந்தின் பாரோடேல் சுரங்கத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பிரான்சோடு சண்டை மூண்டு அங்கே அது போவது நின்றுபோனதும், பிரெஞ்சுக்காரரான நிக்கோலா ஜாக் கோன்டே என்பவர் மட்டமான கிராஃபைட்டைப் பொடித்து, களிமண்ணோடு பிசைந்து, சூளையில் சுட்டுப் பார்த்தார். 1795இல் காப்புரிமையும் வாங்கினார். களிமண் கூடினால் கெட்டி, அதுதான் ஹெச். குறைந்தால் மென்மை, கறுப்பு, அது பி. நீங்கள் பெட்டியில் பார்ப்பது களிமண் கணக்குதான்.

கறுத்த நிறமுள்ள முகங்களை வரைந்தால் கரி அப்பியதுபோல் அழுக்காகத் தெரிகிறது. எவ்வளவு கறுப்பு போடுவது? (வாசகி, ஆவடி)

நல்ல கேள்வி. பாடம் சொல்லும் வீடியோக்களில் பெரும்பாலும் வெள்ளைக்கார முகங்களாகவே இருப்பதால் நம் பிள்ளைகளுக்கு இதில் தடுமாற்றம் வருகிறது.

6பி எடுத்து முகம் முழுக்கத் தேய்ப்பதால்தான் அழுக்காகிறது. அப்படிச் செய்துவிட்டால் தலைமுடிக்கும் கண்மணிக்கும் போட என்ன மிச்சமிருக்கும்? உங்கள் பென்சிலின் உச்சக் கறுப்பை மூக்குத் துவாரம், உதடுகள் சேரும் கோடு, கண்மணி, முடியின் ஆழம் ஆகியவற்றுக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள். முகத்தை 2பியில் தொடங்கி, அழுத்தாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு ஏற்றி, நிழல் பக்கத்தில் மட்டும் 4பிக்குப் போங்கள்.

கறுத்த தோலில் கவனிக்க வேண்டியது அதன் மினுமினுப்பு. நெற்றி மேடு, மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, மேலுதட்டின் விளிம்பு ஆகிய இடங்களில் வெளிச்சம் பளிச்சென்று தனியாகத் தெறிக்கும். வெளுத்த தோலில் இதே வெளிச்சம் சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து மங்கிவிடும். இங்கே கலக்காது. அந்த இடங்களைத் தொடக்கத்திலேயே தாளின் வெள்ளையாக விட்டு வைத்து, கடைசியில் ஹெச்பியால் ஓரத்தை மட்டும் தணியுங்கள். பிசையும் ரப்பரை முனையாக உருட்டி ஒற்றியெடுத்தாலும் வரும், தேய்க்கக் கூடாது.

பின்னணியை வெறும் வெள்ளையாக விடாதீர்கள். வெள்ளைக்கு முன்னால் எந்த முகமும் இன்னும் கறுப்பாகத் தெரியும். பின்னால் நடுத்தரச் சாம்பல் ஒன்று விரித்துப் பாருங்கள், முகம் மூச்சு விடும். அப்புறம், "கொஞ்சம் வெளுப்பாப் போட்டுடுங்க" என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் வரைந்து தருவதில்லை. நீங்களும் தர வேண்டாம்.

பாட்டியின் பழைய போட்டோவில் பொட்டும் உதடும் கன்னங்கரேல் என்று இருக்கின்றன. அப்படியே வரைவதா? (வாசகர், புதுக்கோட்டை)

பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. குங்குமம், உதடு, வெற்றிலைக் கறை எல்லாமே கறுப்பாகத்தான் விழும். மாநிறத் தோல்கூட உள்ளதைவிட ஒரு படி கறுத்துக் காட்டும். பொட்டை 4பியில் அடர்ந்த சாம்பலாகப் போடுங்கள், உதட்டை அதைவிட இரண்டு படி வெளிறலாக விடுங்கள். பாட்டி உங்களுக்குத் தெரிந்த பாட்டியாக வந்துவிடுவார்.

செல்ஃபியைப் பார்த்து வரைந்தேன். மூக்கு பெரிதாக இருக்கிறது என்று தங்கை சண்டை போடுகிறாள். (பத்தாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்)

தங்கை பக்கம்தான் நியாயம். 12 அங்குலத் தூரத்தில் எடுக்கும் படத்தில், 5 அடித் தூரத்தில் எடுப்பதைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். காது பின்னால் ஒதுங்கிவிடும். ஐந்தாறு அடி தள்ளி நின்று, ஃபிளாஷை அணைத்து, ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் வெளிச்சம் விழும்படி இன்னொரு படம் எடுங்கள். ஃபிளாஷ் அடித்தால் நிழலே இருக்காது, நிழல் இல்லாமல் பென்சிலுக்கு என்ன வேலை?

கண் வரைந்தால் முறைத்துப் பார்க்கிற மாதிரியே வருகிறது. (வாசகர், திண்டுக்கல்)

வெள்ளை விழியை வெள்ளையாக விட்டிருப்பீர்கள். அது ஓர் உருண்டை. மேலிமையின் நிழல் அதன்மேல் விழும், இரண்டு ஓரமும் சாம்பலாகத் திரும்பும். கருவிழியின் மேற்பகுதியும் அந்த நிழலுக்குள்தான் இருக்க வேண்டும். கருவிழி வட்டம் முழுசாகத் தெரிந்தால் பயந்த கண். கீழிமைக்கு ஒரு தடிமன் உண்டு, அந்த ஈர விளிம்பை வெளிறிய கோடாக விடுங்கள். ஒளிப்புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் இருக்கட்டும். முழு வெள்ளை அந்தப் புள்ளிக்கு மட்டும்.

தலைமுடியும் மல்லிகைப்பூவும் மூக்குத்தியும் வரைய எளிய வழி உண்டா? (வாசகி, மதுரை)

எளிய வழி இல்லை, வரிசை உண்டு. முடியை இழை இழையாகத் தொடங்காதீர்கள். எண்ணெய் தேய்த்து வாரிய தலையில் வெளிச்சம் ஒரு பட்டையாக வளைந்து ஓடும். அந்தப் பட்டையை விட்டுவிட்டு மேலும் கீழும் 4பியில் கனமாக நிரப்பி, இரண்டு பக்கத்திலிருந்தும் பட்டைக்குள் இழைகளை இழுத்து முடியுங்கள். காதோரம் பறக்கும் நாலு முடி கடைசியில்.

மல்லிகையை வரையவே வேண்டாம். பூக்களுக்கு நடுவில் இருக்கும் இருட்டை மட்டும் 6பி முனையால் பொத்திப் பொத்திப் போட்டு வாருங்கள், பூ தானாகப் பூக்கும். சில மொட்டுகளுக்கு மட்டும் 2ஹெச்சில் காம்பு நிழல். மூக்குத்தியும் அப்படித்தான்: ஒரு பொட்டு தாள் வெள்ளை, அதை ஒட்டியே உச்சக் கறுப்பு, மூக்கின்மேல் அது போடும் சின்ன நிழல். டோம்போ மோனோ ஸீரோ என்று 2.3 மில்லிமீட்டர் குச்சி ரப்பர் ஒன்று வருகிறது, இந்த வேலைக்குச் சரியாக இருக்கும். சாதாரண ரப்பரை பிளேடால் முக்கோணமாக வெட்டினாலும் நடக்கும்.

விரலால் தேய்த்தால் தோல் மழமழவென்று வருகிறது, ஆனால் சில இடங்களில் கறை விழுகிறது. (இல்லத்தரசி, காரைக்கால்)

கடலோர வெக்கையில் விரலில் எண்ணெயும் வியர்வையும் இல்லாமல் இருக்குமா? அது தாளில் ஏறினால் அந்த இடம் மட்டும் கிராஃபைட்டைக் கூடுதலாகப் பிடிக்கும், ரப்பருக்கும் போகாது. டிஷ்யூ, காய்ந்த பிரஷ், காகித ஸ்டம்ப் (இறுக்கிச் சுருட்டிய காகிதக் குச்சி) எதையாவது பயன்படுத்துங்கள், கைக்கு அடியில் ஒரு வெற்றுத்தாள் எப்போதும் இருக்கட்டும். ஆனால் முகம் முழுக்கத் தேய்த்து வழவழப்பாக்கினால் கல்யாண ஆல்பத்து மேக்கப் மாதிரி ஆகிவிடும். தேய்த்த பிறகு மேலே மறுபடி பென்சில் கீற்று ஏற்றினால்தான் தோல் தோலாக இருக்கும்.

கறுப்பு பகுதி பளபளக்கிறது. போட்டோ எடுத்துப் போட்டால் வெள்ளையாகத் தெரிகிறது. (வாசகர், கோவை)

கிராஃபைட் தகடு தகடாக இருக்கும் பொருள். அழுத்த அழுத்த அந்தத் தகடுகள் படுத்துக்கொண்டு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஸ்டெட்லர் மார்ஸ் லூமோகிராஃப் பிளாக், ஃபேபர் காஸ்டல் பிட் கிராஃபைட் மேட் ஆகியவற்றில் இந்தப் பளபளப்பு குறைவு, விலைதான் கூட. கரிப் பென்சில் போடுவதானால் அதை முதலில் போடுங்கள், கிராஃபைட் வழுக்கலின்மேல் கரி ஒட்டாது. படம் எடுக்கும்போது வெளிச்சம் பக்கவாட்டில் இருக்கட்டும்.

போட்டோ மாதிரியே வரைவதற்குப் போட்டோவே போதாதா? (வாசகர், புதுச்சேரி)

போட்டோ மாதிரியே வரைந்தால் போதும்தான். ஒவ்வொரு மயிர்க்காலையும் ஒரே சிரத்தையோடு வரையும் படங்களைப் பார்த்தால் எனக்கு உழைப்பின்மேல் மரியாதை வரும், முகத்தின்மேல் கண் நிற்காது.

பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ரின் பென்சில் படங்களைத் தேடிப் பாருங்கள். நெப்போலியன் வீழ்ந்த பிறகு ரோமாபுரியில் வருமானம் இல்லாமல், சுற்றிப்பார்க்க வந்த ஆங்கிலேயர்களைப் பென்சிலில் வரைந்து சாப்பிட்டார். கதவைத் தட்டி "சின்னப் படங்கள் வரைகிறவர் இங்கேதான் இருக்கிறாரா?" என்று கேட்டவரிடம், "இல்லை, இங்கே இருப்பவர் ஓவியர்" என்று முறைத்தாராம். 1819இல் அவர் வரைந்த வயலின் மேதை பாகனினியின் படம் பாரிஸ் லூவரில் இருக்கிறது. முகத்தில் மட்டும் மென்மையான ஷேடிங், கோட்டும் காலரும் வெறும் கோடுகள். எங்கே நிறுத்துவது என்று கேமராவுக்குத் தெரியாது.

முடித்த படத்தைப் பாதுகாப்பது எப்படி? ஹேர் ஸ்பிரே அடிக்கலாமா? (வாசகி, ஈரோடு)

கூடாது, நாளாவட்டத்தில் மஞ்சளிக்கும். பென்சில் கலையாமல் பிடித்துவைக்கும் ஸ்பிரேயைக் கடையில் ஃபிக்ஸட்டிவ் என்றே கேட்டு வாங்கி, ஓர் அடி தள்ளி, மெல்லிசாக இரண்டு மூன்று தடவை, காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். முதலில் ஒரு துண்டுத் தாளில் சோதித்துவிடுங்கள். கிராஃபைட் வெயிலில் வெளுக்காது. தாள்தான் பழுக்கும், அதனால் ஆசிட் ஃப்ரீ தாளாகப் பார்த்து வாங்குங்கள். ஃப்ரேம் போடுகிறவரிடம் கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் (அட்டைச் சட்டம்) வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவராகப் பார்த்து ஆணி அடியுங்கள்.