"அவ ஏன்மா அப்படியே நின்னுடுறா?"

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மகனுக்கு 6 வயது, கிரேட் ஒன். அவன் வகுப்புச் சிறுமி ஒருத்தி பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி அப்படியே நின்றுவிடுகிறாள். பிள்ளைகள் ‘ரோபோ’ என்கிறார்கள். வலிப்பு என்று அவள் அம்மாவே என்னிடம் சொன்னார். மாமியாரோ, "பக்கத்துல உக்காராதே, ஒட்டிக்கும்" என்கிறார். மகனிடம் என்ன சொல்வது?

பதில்: வலிப்பு ஒட்டாது. எச்சில் பட்டாலும், ஒரே டப்பாவில் சாப்பிட்டாலும் ஒட்டாது. மூளை நரம்புகளில் ஓடும் மின்சாரம் கொஞ்ச நேரம் தாறுமாறாகிறது, அவ்வளவுதான். கீழே விழுந்து கைகால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று நினைக்கிறோம். நீங்கள் சொல்வது வேறு வகை: பார்வை வெறித்துப் போகும், இமை லேசாகத் துடிக்கும், பத்துப் பதினைந்து நொடியில் சரியாகிவிடும். நடுவில் நடந்தது அவளுக்கே தெரியாது. நாளுக்குப் பல தடவைகூட வரலாம். ‘கவனமே இல்லை’ என்று ரிப்போர்ட்டில் எழுதப்பட்ட பிள்ளைகள் சிலரிடம் கடைசியில் இதைத்தான் கண்டுபிடிக்கிறோம்.

மகனிடம் அவன் பார்த்ததிலிருந்தே ஆரம்பியுங்கள். "அவ கண்ணு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் நடித்தே காட்டுவான். பிறகு, "பல்பு ஒரு தடவை மினுக்கிட்டு மறுபடி எரியுமே, அது மாதிரி" என்றால் போதும். முன்பெல்லாம் நான் லோட் ஷெட்டிங்கை, அதாவது மின்வெட்டை, உதாரணம் சொல்வேன். ஒரு பையன், "அப்போ ரெண்டு மணி நேரம் பேச மாட்டாளா?" என்று கேட்டதிலிருந்து விட்டுவிட்டேன்!

காவடியில் சாமி வந்து ஆடுவதைப் பார்த்த பிள்ளை, "இவளுக்கும் சாமியா?" எனலாம். இல்லை, இது டாக்டர் மருந்து கொடுக்கிற விஷயம் என்று சொல்லிவிடுங்கள்.

"பாவம், அவளுக்கு உடம்பு சரியில்ல" மட்டும் வேண்டவே வேண்டாம். பாவம் பார்க்கும் பிள்ளை அவளை விளையாட்டில் சேர்க்காது. "நல்லாத்தானே இருக்கா?" என்று அவன் கேட்டால், ஆமாம் என்றே சொல்லுங்கள்.

அந்த அம்மா உங்களை நம்பிச் சொன்னது வகுப்பு வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகக்கூடாது. நோயின் பெயரை மகனிடம் சொல்லலாமா என்றும் அவரையே கேளுங்கள்.

அவள் என்றாவது விழுந்து இழுத்தால், அவனுக்கு ஒரே வேலை: ஓடிப்போய் டீச்சரைக் கூப்பிடுவது. பெரியவர்கள் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரம் பார்க்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸுக்கு 10177-ஐ அழைக்க வேண்டும். பிடித்து அமுக்கவோ வாயில் ஸ்பூன் வைக்கவோ கூடாது. கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை, மாமியாருக்கும் சொல்லுங்கள்.

‘ரோபோ’ என்றதற்காக அவனைத் திட்டாதீர்கள். அவள் திரும்பி விழிக்கும்போது, "நாம மூணாவது கணக்குல இருக்கோம்" என்று எடுத்துக்கொடுக்கப் பழக்குங்கள்.