எபாக்சி தரையில் போட்ட ஒட்டு ஏன் நிற்பதில்லை?

கேள்வி: கிடங்கின் எபாக்சி தரையில் (கான்கிரீட் மேல் ரெசின் பூசியது) தள்ளுவண்டிச் சக்கரம் இடித்து, கையகலத்துக்குப் பெயர்ந்துவிட்டது. ரெசின் குழைத்து இரண்டு முறை பூசியும், இரண்டே மாதத்தில் ஓரத்திலிருந்து உரிந்து வருகிறது. எங்கே தவறு?

பதில்: ஓரத்தில்தான். பள்ளத்தை நிரப்பிக் கரணையால் சுற்றிலும் இழுத்துவிட்டால் விளிம்பு தாளாக மெலிந்துபோகும். சக்கரம் ஏறி ஏறி அது வெடிக்கும்; வெடிப்பு வழியே தண்ணீர் அடியில் இறங்கும்.

முதலில், பெயர்ந்த சில்லின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கான்கிரீட் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் தரையே பலவீனம். திடமான பகுதி வரும்வரை செதுக்க வேண்டும். வழவழவென்று சுத்தமாக இருந்தால் ரெசின் பிடிக்கவே இல்லை. கறுத்துப் பிசுபிசுத்தால் எண்ணெய் இறங்கியிருக்கிறது. மேலே துடைத்தால் போதாது, ஊறிய கான்கிரீட்டையே எடுக்க வேண்டும்.

சிறு சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். ‘டொப்’பென்று கேட்கும் இடமெல்லாம் உள்ளே விட்டுப்போனவை. நன்றாகப் பிடித்திருக்கும் பகுதிக்குள் 5 செ.மீ. தள்ளிச் சதுரமாகக் கோடு போட்டு, டைமண்ட் பிளேடால் 5 மி.மீ. ஆழம் செங்குத்தாக வெட்டி, உள்ளே இருப்பதை உளியால் எடுத்துவிடுங்கள். புதுச் சாந்து (ரெசினும், அதை இறுகவைக்கும் ஹார்டனரும், மணலும் சேர்ந்த கலவை) எந்த ஓரத்திலும் மெலியாமல் முழுத் தடிமனில் நிற்க இந்த வெட்டுதான் வழி. சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும், முகக்கவசமும் வாக்குவமும் இல்லாமல் வெட்ட வேண்டாம்.

ஈரம் தெரிய, 45 செ.மீ. பாலித்தீனை நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர் கோத்தாலோ கான்கிரீட் கறுத்தாலோ காத்திருக்க வேண்டியதுதான்.

அளவு: 30 × 30 செ.மீ., 5 மி.மீ. ஆழத்துக்கு 450 மி.லி. கொள்ளும், சேதாரம் சேர்த்து ஒரு கிலோ சாந்து. பிசினுக்கு (ரெசினும் ஹார்டனரும் சேர்ந்தது) எட்டு மடங்கு மணல் என்றால் பிசின் 111 கிராம், உலர்ந்த சிலிக்கா மணல் 889 கிராம். ரெசினும் ஹார்டனரும் எடையில் 2:1 என்றால் 74, 37 கிராம். (விகிதம் வகைக்கு வகை மாறும், டப்பாவில் போட்டிருப்பதே கணக்கு.) இவ்வளவு சிறிய அளவைக் கண்மதிப்பில் ஊற்றவே கூடாது, தராசு வேண்டும். ஹார்டனர் கூடினால் சீக்கிரம் இறுகும் என்பது தவறான எண்ணம். மிஞ்சியது எதிலும் சேராமல் ஒட்டு பிசுக்காகவே கிடக்கும். ரெசினையும் ஹார்டனரையும் மூன்று நிமிடம் கலக்கி, வேறு பாத்திரத்துக்கு மாற்றி மறுபடி கலக்கிய பிறகே மணல். பழைய பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிச் சேர்க்காதீர்கள், அது கலவாத ரெசின்.

வெட்டின பக்கச் சுவர்களிலும் பிரைமர் (பிடிப்புக்கான அடிப்பூச்சு) தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே சாந்தை அழுத்தி நிரப்பி மட்டப்படுத்துங்கள். இறுகியபின் மேலே மெழுகு போலப் படலம் தெரிந்தால் வெந்நீரால் கழுவி, உலர்ந்ததும் 80 எண் உப்புத்தாளால் தேய்த்து மேற்பூச்சு கொடுங்கள். இந்தச் சாந்தில் நுண்துளைகள் உண்டு, மேற்பூச்சு கட்டாயம். நடக்க ஒரு நாள், வண்டி ஓட ஏழு நாள்.

நிறம் பொருந்தாது. பழைய எபாக்சி வெளிச்சத்தில் மஞ்சளித்திருக்கும். ஒட்டு தெரியவே கூடாதென்றால், தரையின் ஒரு ஜாயின்ட்டிலிருந்து (இணைப்புக் கோடு) அடுத்த ஜாயின்ட் வரை முழுவதுமாக மேற்பூச்சு அடிக்க வேண்டும்.