ஜெனரல் என்பவர் போரில் உண்மையில் என்னதான் செய்கிறார்?

ஜெனரல் முன்னால் நின்று சுடுவாரா என்று பலரும் கேட்கிறார்கள். மாட்டார். எந்தப் படை எங்கே, எப்போது, எதோடு போக வேண்டும் என்று முடிவெடுப்பதுதான் அவர் வேலை. ஆனால் சுடப்பட்ட அனுபவம் இருக்கலாம். சாம் மானெக்‌ஷா 1932-இல் டேராடூன் ராணுவ அகாடமியின் முதல் அணியில் சேர்ந்தவர். 1942-இல் பர்மாவில் குண்டடி பட்டுப் பிழைத்தார். இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆனது 1969-இல்தான்.

1971 ஏப்ரலிலேயே, அப்போது பாகிஸ்தானின் பகுதியாக இருந்த கிழக்கு வங்கத்துக்குள் (இன்றைய வங்கதேசம்) போகலாமா என்ற பேச்சு வந்தது. பொறுப்போம் என்றார் மானெக்‌ஷா. மழைக்காலத்தில் அங்கே ஆறு எது, வயல் எது என்றே தெரியாது. டாங்கி, லாரி எதுவும் நகராது. குளிர்காலம் வந்தால் இமயக் கணவாய்கள் பனியில் மூடிவிடும், சீனா பற்றிய கவலையும் குறையும். டிசம்பர் 3-இல் தொடங்கிய போர் 16-இல் முடிந்தது.

இது நம் டெல்டாக்காரர்களுக்குப் புதிதில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும், திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடை விவசாயி அன்றைக்கே நாற்று விடமாட்டார். தண்ணீர் கல்லணை தாண்ட வேண்டும், வாய்க்கால் தூர்வாரியிருக்க வேண்டும், விதை, உரம், ஆள் எல்லாம் கையில் இருக்க வேண்டும். அவசரப்பட்டால் நாற்று கருகும். போரில் கருகுவது நாற்று அல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம், டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணடைவுப் பத்திரத்தில் இந்தியா சார்பில் கையெழுத்திட்டது மானெக்‌ஷா என்று நினைப்பவர்கள் உண்டு. போட்டவர் கிழக்குப் பிராந்தியத் தளபதி ஜக்ஜித் சிங் அரோரா.