துணிப்பையில் வேர் இறுகிய தேசிக்கண்டை (எலுமிச்சங்கன்றை) நிலத்துக்கு மாற்றுவது எப்படி?

இழுத்துக் கழற்றப் பார்க்காதேங்கோ. பிளாஸ்டிக் சாடி மாதிரித் தட்டினால் வராது. துணியின் நாருக்குள்ளேயே வேர் ஊடுருவி நிற்கும். இழுத்தால் அறுவது தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்கள்தான். பை போனால் போகட்டும்.

முதல்நாள் பின்னேரம் தண்ணீர் விடுங்கோ. காய்ந்த மண் உதிரும், சொதசொதத்த மண் பிய்ந்து விழும். மறுநாள் வெயில் தாழ்ந்ததும் கூரான கத்தியால் பையை இரண்டு பக்கமும் மேலிருந்து கீழே கீறி, வாழைமடல் உரிக்கிற மாதிரி மெல்ல உரியுங்கோ. ஒட்டிய இடத்தில் வேரைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கோ. வெட்டின வேர் கிளைக்கும்; கிழிந்தது எளிதில் அழுகும்.

பை மண்தரையில் இருந்ததா? அப்படியானால் அடிவேர் நிலத்துக்குள் இறங்கியிருக்கும். இரண்டு கிழமைக்கு முன்பே அதை மண்வெட்டியால் வெட்டி, பையைக் கல்லின் மேல் தூக்கி வைக்கவேணும்.

சுற்றி வளைந்த வேர் தெரிந்தால் மட்டும் மூன்று நான்கு இடத்தில் 1 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கீறுங்கோ. கிடங்கு வேர்க்கட்டியைப்போல் இரண்டு மடங்கு அகலம், ஆழம் அதேயளவு. யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண்ணில் சில இடங்களில் சுண்ணாம்புக்கல் மேலேயே கிடக்கும். அலவாங்கு இறங்காவிட்டால் வேறு இடம் பாருங்கோ. ஒட்டுக்கண்டென்றால் ஒட்டின இடம் மண்ணுக்கு மேலே நிற்கவேணும். ஒரு கிழமைக்குக் கிடுகு நிழல், மூன்று கிழமைக்கு யூரியா வேண்டாம்.